விழித்திருப்பதற்கான கூலி

தமிழ்நாட்டின் வட்டத் தலைநகரங்களிலும் சந்தை கூடும் சிற்றூர்களிலும், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பத்திலிருந்து முப்பது படுக்கைகளுடன் ஒரே ஒரு மருத்துவத் துறையை மட்டும் கையாண்டுவரும் தனியார் மருத்துவமனைகளை அரசு ஆவணங்கள் மருத்துவ நிறுவனங்கள் என்ற பொதுப்பெயரில் குறிக்கின்றன. மக்களோ பிரசவ ஆஸ்பத்திரி, கண்ணாஸ்பத்திரி, எலும்பு ஆஸ்பத்திரி என்று துறையைக் கொண்டோ, டாக்டரம்மா ஆஸ்பத்திரி என்று ஆளைக் கொண்டோ அவற்றை அழைத்துவந்திருக்கிறார்கள். இவை மூடப்படும் விதத்தில் ஓசை எதுவும் இருப்பதில்லை. முதலில் இரவுப் பிரசவங்கள் நிறுத்தப்படுகின்றன. அடுத்து அறுவை அரங்கு பூட்டப்படுகிறது. பிறகு மாலை நேரப் புறநோயாளிகளும் ஸ்கேனும் மட்டும் எஞ்சுகின்றன. கடைசியில் கீழ்த்தளம் துணிக்கடைக்கோ நகை அடகுக் கடைக்கோ வாடகைக்கு விடப்பட்ட பின்னும் மாடிச் சுவரில் பழைய பெயர்ப்பலகை இருந்துகொண்டிருக்கிறது. திவால் அறிவிப்போ தொழிலாளர் போராட்டமோ இல்லாத இந்த மூடலைப் பொருளியல் நிகழ்வாகவே எவரும் கருதுவதில்லை. மருத்துவருக்கு வயதாகிவிட்டது என்ற ஒற்றை வாக்கியத்தில் ஊர் அதை முடித்துக்கொள்கிறது.

மருத்துவமனைகள் மூடப்படுவது எப்போதும் இழப்புதான் என்று கொள்வதற்கில்லை. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் சானடோரியம், தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றையே மருந்தாக நம்பிய காலத்தின் சிறப்பு மருத்துவமனை. 1956இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அமைத்த காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது. தாம்பரத்தின் மருத்துவமனை வேறு பணிகளை ஏற்று நீடித்தது. பல நாடுகளில் மலையடிவாரங்களில் இருந்தவை மூடப்பட்டன. அறிவு வளர்ந்ததால் நேர்ந்த அந்த மூடல்களைக் குறித்து வருந்த ஒன்றுமில்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் நிலை அத்தகையதாக இல்லை, ஏனெனில் பிரசவத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. சொல்லப்போனால் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. தேவை இருக்கும்போதே ஒரு நிறுவனம் சாகிறதென்றால் காரணத்தைக் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

பிரசவ ஆஸ்பத்திரியின் கணக்கில் மிகப் பெரிய செலவு பிரசவத்துக்கு ஆவதில்லை. பிரசவம் நடக்காத நேரத்துக்கு ஆகிறது. வலி எப்போது எடுக்கும் என்று எவராலும் நாள் குறிக்க முடியாது என்பதால், நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் ஒருத்திக்காக மற்ற எல்லா நள்ளிரவுகளிலும் யாராவது விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இதைக் காத்திருப்புச் செலவு என்று அழைக்கலாம்: ஒரு வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், அது நடக்கக்கூடும் என்பதற்காகவே ஆகும் செலவு. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஒரு செவிலியரின் சட்டப்படியான வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி. ஆகவே ஒரே ஒரு செவிலியர் எந்நேரமும் பணியில் இருக்க வேண்டுமென்றாலும் கணக்கின்படி மூன்றரைப் பேர் தேவை. விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நான்குக்கு மேல். பிரசவ அறைக்கு ஒருவர், வார்டுக்கு ஒருவர் என்று வைத்தால் எட்டு ஒன்பது பேர் ஆகிறார்கள். இவர்களுக்கு மேலாக, அறுவை அரங்கின் உதவியாளர், ஆயாக்கள், காவலர், மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டர், காலாவதியாகும் மருந்துகள், எப்போதோ ஒருமுறை தேவைப்பட்டாலும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டிய ஆக்சிஜன். ஓர் உதாரணத்துக்கு இவையெல்லாம் சேர்ந்து மாதம் மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் முப்பது பிரசவம் நடக்கும் இடத்தில் ஒவ்வொரு தாயின் தலையிலும் பத்தாயிரம் விழுகிறது. பதினைந்தே நடந்தால் இருபதாயிரம். பிரசவங்கள் பாதியாகும்போது செலவு பாதியாவதில்லை என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை இக்கட்டு.

இப்படிப்பட்ட கணக்குடன் இந்த மருத்துவமனைகள் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடின என்பதே விடை தேட வேண்டிய கேள்வி. கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு என்ற கட்டட அமைப்பிலேயே விடை இருக்கிறது. மகப்பேற்று மருத்துவரான மனைவியும், பொது மருத்துவராகவோ அறுவை மருத்துவராகவோ குழந்தை மருத்துவராகவோ உள்ள கணவரும் சேர்ந்து நடத்திய அந்த நிறுவனத்தில், இரவுப் பணி மருத்துவருக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. மாடியிலிருந்து இறங்கி வருபவர்தான் இரவுப் பணி மருத்துவர். சொந்த இடம் என்பதால் வாடகை கணக்கில் ஏறுவதில்லை. நிர்வாகி, கணக்காளர், கொள்முதல் அலுவலர் ஆகிய வேலைகள் குடும்பத்துக்குள்ளேயே பகிரப்பட்டன. பிரசவக் கட்டணத்தைக் குறைவாக வைத்து, வளாகத்துக்குள்ளேயே இருந்த மருந்துக் கடையின் லாபத்திலும் பரிசோதனைக் கூடத்தின் வருமானத்திலும் அதை ஈடுகட்டுவதும் வழக்கமாக இருந்தது. ஊர் மெச்சிய மலிவின் ரகசியம் இவ்வளவுதான்: காத்திருப்புச் செலவின் பெரும்பகுதியை ஒரு குடும்பம், குறிப்பாக அக்குடும்பத்தின் பெண், பில் போடாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போக முடியாத, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்தே முப்பது ஆண்டுகள் உறங்கிய டாக்டரம்மாவின் வாழ்க்கையை ஊர் தியாகம் என்று போற்றியது. பொருளியல் மொழியில் அதற்கு மானியம் என்று பெயர்.

அந்த மானியத்துக்கு விலை போடும் வேலையைச் சட்டங்கள் தொடங்கிவைத்தன. மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று வி. பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு, கட்டணம் பெற்றுச் சிகிச்சை தரும் எவரும் குறைபாட்டுக்கு இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்பதை உறுதிசெய்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவமும் பதிவேடும் கோரியது. 1998இலும் பின்னர் 2016இலும் வந்த மருத்துவக் கழிவு விதிகள், நிறம் பிரித்த பைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான மாதக் கட்டணத்தையும் கொண்டுவந்தன. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டாலும் அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அவற்றுடன் பதிவு, ஆய்வு, இடவசதி அளவுகள் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு பெரிய மருத்துவமனை தீப்பற்றித் தொண்ணூறு பேரளவில் இறந்த பிறகு தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பற்றிய கண்டிப்பு நாடெங்கும் கூடியது.

இவற்றில் ஒன்றையும் தேவையற்றது என்று நேர்மையுள்ள எவரும் சொல்ல முடியாது. ஒரே படிக்கட்டு வைத்த கட்டடத்தில் நடக்க இயலாதவர்களைப் படுக்கவைப்பது ஆபத்து. குப்பைத் தொட்டியில் ஊசிகளைக் கொட்டுவது குற்றம். ஆனால் ஒரு விதியை நிறைவேற்ற ஆகும் செலவு படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருங்குவதில்லை என்பதும் உண்மை. முந்நூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் உரிமங்களைப் புதுப்பிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட இடத்தில் அதே எண்ணிக்கையிலான உரிமங்களுக்கு டாக்டரம்மாவின் கணவர்தான் அலைய வேண்டியிருக்கிறது. சரக்கு சேவை வரியிலும் இதே கதைதான் வேறு வடிவில் நடக்கிறது. சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு என்பதால் மருத்துவமனை நோயாளியிடம் வரி வசூலிப்பதில்லை. வசூலிக்காததால், கருவிகளுக்கும் பொருள்களுக்கும் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடிவதில்லை. விலக்கு என்ற பெயரில் உள்ளே தங்கிவிடும் இந்த வரி எல்லா மருத்துவமனைகளுக்கும் பொது என்றாலும், மொத்தமாக வாங்கி விலையைப் பேரம்பேசிக் குறைக்கும் வலிமை இருப்பவர்களுக்கு அதன் பாரம் தெரிவதில்லை.

செலவு ஏறிய அதே ஆண்டுகளில் வருபவர்களின் எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணம், தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்ளும் இரண்டு வெற்றிகள். ஒன்று, குடும்ப அளவு சுருங்கியது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள விகிதம், மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1ஐ விடக் குறைந்து, மேற்சொன்ன குடும்ப நல ஆய்வில் 1.8 என்று பதிவாகியிருக்கிறது. இன்னொன்று, அரசு மருத்துவமனை நம்பகமான இடமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து நியமித்து இருபத்து நான்கு மணி நேரமும் திறந்துவைத்தது, சீமாங் மையங்கள் என்று ஊழியர்கள் சுருக்கி அழைக்கும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்களை நிறுவியது, 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000ஆகவும் பின்னர் 18,000ஆகவும் உயர்ந்து, அதன் ஒரு தவணை அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களுக்கென்று வைக்கப்பட்டது ஆகியவை சேர்ந்து, மூன்றில் இரண்டு பிரசவங்களை அரசின் பக்கம் கொண்டுவந்தன. அரசு தன் காத்திருப்புச் செலவை வரிப்பணத்திலிருந்து வெளிப்படையாகக் கொடுக்கிறது. அதைக் கொடுக்கும் வேறு வழி எதுவும் நெடுங்காலம் நிலைக்காது என்பதற்கு இதுவே சான்றாகக்கூடும்.

இன்னொரு வருகையும் நின்றுபோனது. அதை ஆய்வறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம், சென்னைக்கோ பெங்களூருக்கோ மணமாகிப் போன பெண்களை வளைகாப்பு முடிந்ததும் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தாயின் பிரசவத்தைப் பார்த்த அதே டாக்டரம்மாவிடமே மகளும் வந்தாள். சம்பளக்காரக் குடும்பங்கள் தந்த அந்தக் கட்டணமே, ஊரின் கூலிக்காரப் பெண்களிடம் குறைத்து வாங்கியதை ஈடுகட்டியது. இப்போது வேலைக்குப் போகும் பெண் எட்டாம் மாதம் வரை அலுவலகத்தில் இருக்கிறாள். அவளுடைய நிறுவனம் எடுத்துக்கொடுத்திருக்கும் குழுக் காப்பீடு, தன் பட்டியலில் உள்ள நகரத்து மருத்துவமனையில்தான் பணம் கட்டாமல் சிகிச்சை பெற விடுகிறது. மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய்தான் மகள் வீட்டுக்குப் பேருந்து ஏறுகிறாள்.

காப்பீடு என்ற ஏற்பாடு நோயாளியைப் பெருஞ்செலவிலிருந்து காக்கிறது என்பதில் ஐயமில்லை. 2009இல் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அரசுத் திட்டம் ஏழைகளுக்கு இதய அறுவையையும் புற்றுநோய்ச் சிகிச்சையையும் எட்டவைத்தது. ஆயினும் காப்பீடு என்பது, அது அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், ஒரு செயலுக்கு இன்ன தொகை என்ற கட்டண அட்டவணையின் வழியே பேசும் மொழி. பேக்கேஜ் என்று இரு தரப்பும் சொல்லும் அந்தத் தொகையில் நடந்த அறுவைக்கு விலை உண்டு, நடக்காத இரவுக்கு இல்லை. நோயாளி கையில் தரும் பணம் அன்றே வந்தது. காப்பீட்டுப் பணம் ஆவணங்களைச் சரிபார்க்கும் இடைநிலை முகமை வழியாக, கேள்விகளுக்குப் பதில் அனுப்பி, கழிவுகள் போக, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து வருகிறது. செவிலியரின் சம்பளம் முதல் தேதியன்று கேட்கப்படுகிறது. பெரிய மருத்துவமனை இந்த இடைவெளியை வங்கிக் கடனால் நிரப்பிக்கொள்ளும். சிறியது டாக்டரம்மாவின் நகையால் நிரப்பிக்கொள்ளும், அல்லது காப்பீட்டு அட்டை ஏற்கப்படாது என்று வரவேற்பு மேசையில் எழுதிவைத்து, இருந்த நோயாளிகளையும் இழக்கும்.

இத்தகைய நெருக்கடி சிகிச்சையையே எப்படி வளைக்கும் என்பதைப் பேசாமல் இந்த நிறுவனங்களுக்காக இரங்குவது பாதி நேர்மைதான். மேற்சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 64 அறுவைப் பிரசவங்கள் என்று கணக்கிடுகிறது. அரசு மருத்துவமனைகளிலோ 36. உலக சுகாதார நிறுவனம் 1985இல் தகுந்த அளவாகக் குறித்தது 10இலிருந்து 15 வரை. பேராசை என்று மட்டும் இதை விளக்கினால் கணக்கு முழுமையாவதில்லை. சுகப்பிரசவம் என்பது பதினான்கு மணி நேரக் காவல். அதற்குக் கட்டணம் குறைவு. அறுவைப் பிரசவம் ஒரு மணி நேர வேலை. அதற்குக் கட்டணம் அதிகம். மயக்க மருந்து மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் ஒரே மாலையில் வரவழைத்து இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து முடித்துவிடலாம். விழித்திருப்பதற்குக் கூலி கிடையாது என்ற ஏற்பாடு, விழித்திருக்கத் தேவையில்லாத வழியை நோக்கி மருத்துவரைத் தள்ளுகிறது. வழக்குக்கு அஞ்சும் மனம் அந்தத் தள்ளலுக்குத் துணைபோகிறது. தாயின் வயிற்றில் விழும் தழும்பில் கணக்குப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. வேறு சில பிரசவ ஆஸ்பத்திரிகள் பிரசவத்தையே விட்டுவிட்டுக் கருத்தரிப்பு மையங்களாக மாறியிருக்கின்றன. நாள் குறித்துச் செய்யக்கூடியதும் முன்பணம் வாங்கக்கூடியதுமான அந்தச் சிகிச்சையால் கருவுற்ற பெண், பேறுகாலத்துக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியிருப்பது இக்காலத்தின் விசித்திரங்களில் ஒன்று.

சிறிதாக இருப்பதுதான் நோய், பெரிதாகிவிட்டால் தீரும் என்று வாதிடுபவர்கள் மதுரையைக் காட்டுவார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் தருபவர்களின் கட்டணத்தில் பணமில்லாதவர்களுக்கும் கண்புரை அறுவை செய்து, 1992இல் ஆரோலாப் வழியாக விழிவில்லைகளைத் தானே தயாரித்து விலையைச் சரித்து, உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் கண்புரை காத்திருக்கும். நூறு பேரை முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து மறுநாள் காலை வரிசையாகப் படுக்கவைக்கலாம். அறுவை அரங்கு ஒரு நிமிடமும் வெறுமனே இருக்க வேண்டியதில்லை. பிரசவ வலி பேருந்தில் சேர்த்து அழைத்துவரப்பட மறுக்கிறது. அரவிந்தின் அறம் எவருக்கும் பொருந்தலாம். அதன் கணக்கு, நாள் குறிக்கக்கூடிய சிகிச்சைகளுக்கே பொருந்தும். தவிரவும் வேலூரில் ஐடா ஸ்கடரின் பெண்கள் மருத்துவமனை 1902இல் 40 படுக்கைகளுடனும், அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளுடனும் தொடங்கின என்பதை நினைத்தால், இன்று பெரிதாக நிற்பவை சிறிதாக இருக்க அனுமதிக்கப்பட்ட காலத்தின் விளைச்சல்கள் என்பதும் தெரியும்.

காத்திருப்புச் செலவை நேரடியாகக் கொடுக்க முனைந்த நாடுகளும் உண்டு. அமெரிக்கா 1997இல் இயற்றிய ஒரு சட்டம், 25 படுக்கைகளுக்கு மிகாத, மற்ற மருத்துவமனைகளிலிருந்து தொலைவில் உள்ள கிராமப்புற மருத்துவமனைகளைத் தனி வகையாக்கி, செயலுக்கு இன்ன தொகை என்று தராமல், ஆன செலவைக் கணக்கிட்டுத் தருமாறு முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டைப் பணித்தது. அதனால் பல மருத்துவமனைகள் பிழைத்தன. ஆனால் மெடிகேர் பெரும்பாலும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கானது. பிரசவத்துக்கு வரும் ஏழைப் பெண்களுக்கான மெடிகெய்ட் பெரும்பாலும் பழைய முறையிலேயே, குறைவாகத் தருகிறது. விளைவாக, பிழைத்த மருத்துவமனைகளும் முதலில் மூடியது பிரசவப் பிரிவைத்தான். 2022ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் கிராமப்புற மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிரசவம் பார்க்கப்படவில்லை. எந்த இரவுக்குக் கூலி தரப்பட்டதோ அந்த இரவு மட்டுமே காப்பாற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை இரண்டு. சீமாங் மையம் எட்டாத வட்டங்களில் அரசே அதைத் திறக்கலாம். அல்லது அங்கே இன்னும் மூடாமல் இருக்கும் சிறு பிரசவ ஆஸ்பத்திரிக்கு, அறுவை விகிதத்தையும் பதிவேடுகளையும் தணிக்கைக்குத் திறந்துவைக்கும் நிபந்தனையுடன், நடந்த பிரசவத்துக்கான தொகையோடு மாதாந்தரக் காத்திருப்புத் தொகை ஒன்றையும் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே தரலாம். முதலாவதே மேலானது; ஆனால் அதற்கு மருத்துவர்களை நியமிக்கவும் கட்டடம் எழுப்பவும் ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாவதை அடுத்த கட்டண அட்டவணையிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட முடியும். 1980களில் முப்பது வயதில் மாடியில் வீடும் கீழே ஆஸ்பத்திரியுமாகத் தொடங்கியவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது.